நடக்கப் பழக்கும் கரங்கள்



ஞாயிறு ஆராதனையின் முடிவில், ஜெபத்துக்காக முன்னே வருகிறவர்களின் வரிசையில் நிற்கும் ஒரு தாயை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவள் தோளில் ஒன்றரை வயதுக் குழந்தை. தலை இன்னும் சரியாக நிற்கவில்லை. கால்கள் கத்தரிக்கோலைப்போல ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொள்கின்றன. ஒரு கை எப்பொழுதும் மூடியே இருக்கிறது. போதகர் கரம் வைத்து ஊக்கமாய் ஜெபிக்கிறார். சபையார் ஆமென் சொல்லுகிறார்கள். தாய் கண்களைத் துடைத்துக்கொண்டு தான் வழக்கமாய் அமரும் பின்வரிசைக்குத் திரும்பிப் போகிறாள்.

மறுநாள் திங்கட்கிழமை. கணவர் காலை ஷிப்டுக்குப் போய்விடுகிறார். ஒற்றை அறை வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும். அந்தப் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது, எப்படி ஊட்டுவது, மூடிய கையை எப்படித் திறப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? நாம் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து மிகுதியாய்ப் பேசியிருக்கிறோம். இந்தக் கட்டுரை அந்தத் திங்கட்கிழமையைக் குறித்தது.

பாலாநகருக்குப் பக்கத்திலேயே

ஐதராபாத்தின் பாலாநகர், பிழைப்பு தேடி வந்தவர்களின் ஊர். 1960-களில் எச்.ஏ.எல்., ஐ.டி.பி.எல். போன்ற பெரிய ஆலைகளும், 1968-இல் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனமும் இங்கே எழும்பின. அவற்றைச் சூழ்ந்து நூற்றுக்கணக்கான லேத் பட்டறைகள் முளைத்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஜனங்களில் பலருக்கு இந்தப் பட்டறைகளே சோறு போட்டன. ஆனால் ஊரில் இருந்த ஒன்று இங்கே இல்லை. குழந்தை ஆறு மாதத்தில் புரளவில்லை என்றால், "என்னடி, இன்னும் குப்புற விழவில்லையே" என்று கவனித்துச் சொல்ல மாமியாரும் இல்லை, அடுத்த வீட்டுப் பாட்டியும் இல்லை.

இந்தப் பாலாநகரிலிருந்து ஆட்டோவில் போய்விடும் தூரத்தில், போயன்பள்ளிப் பக்கம், மனோவிகாஸ் நகர் இருக்கிறது. மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் 1984-இல் அங்கேதான் நிறுவப்பட்டது. நம்மவர் பலர் இன்னமும் என்.ஐ.எம்.எச். என்றே சொல்லுகிறார்கள், இப்பொழுது அதன் பெயர் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கு அதிகாரமளிக்கும் தேசிய நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.இ.பி.ஐ.டி. இது மத்திய அரசின் நிறுவனம். 2021 ஜூன் மாதத்தில் மத்திய அரசு நாடெங்கும் 14 ஆரம்பகாலப் பயிற்சி மையங்களைத் தொடங்கிவைத்தபோது, அவற்றில் ஒன்று இவ்வளாகத்தில் அமைந்தது. பிறந்த குழந்தை முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து, பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றை ஒரே இடத்தில் கொடுப்பதே இம்மையங்களின் நோக்கம்.

அந்த வழியாகத் தினமும் வேலைக்குப் போய்வரும் விசுவாசிகள் நம் சபைகளில் உண்டு. ஆயினும் பிள்ளைக்கு உதவி வேண்டிய தகப்பன் அந்த வாசலுக்குள் நுழையாமல் கடந்துபோகிறார். ஒருவருக்கு அந்த இடம் தெரியாது, மற்றொருவருக்கு வெட்கம், வேறொருவருக்கோ, அங்கே போனால் தன் விசுவாசம் குறைந்துபோகுமோ என்ற பயம்.

இவை என்ன சிகிச்சைகள்?

பிசியோதெரபி என்பது உடலின் அசைவைப் பற்றியது. தலை நிற்பது, புரளுவது, உட்காருவது, எழுந்து நிற்பது, நடப்பது ஆகியவற்றைப் படிப்படியாய்ப் பழக்குகிறது. இறுகிய தசையை இளக்கவும், தளர்ந்த தசையைப் பலப்படுத்தவும், மூட்டு வளையாமல் காக்கவும் பயிற்சி கொடுக்கிறது.

ஆக்குபேஷனல் தெரபியைத் தொழில்வழிச் சிகிச்சை என்று மொழிபெயர்ப்பதால், இது வேலை தேடிக்கொடுக்கும் காரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு குழந்தையின் தொழில் எது? உண்பதும், உடுத்துவதும், விளையாடுவதும், பென்சில் பிடிப்பதுமே. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகவும், சட்டைப் பொத்தானைப் போடவும், சத்தத்துக்கும் தொடுதலுக்கும் மிரளாமல் இருக்கவும் இச்சிகிச்சை பழக்குகிறது. இந்தியாவில் இதற்கான முதல் பயிற்சிப்பள்ளியை 1950-இல் மும்பையில் தொடங்கியவர், அமெரிக்காவில் பிறந்து இந்நாட்டுக்கு மருமகளாய் வந்த கமலா நிம்ப்கர்.

இவை மந்திரமும் அல்ல, ஓரிரு நாட்களில் முடிகிற மருந்தும் அல்ல. பாலாநகர் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். லேத் ஓட்டுவதைப் பாடம் கேட்டு யாரும் கற்றதில்லை. ஒரே அசைவை ஆயிரம் முறை செய்த பிறகே கை தானாக அளவை அறிகிறது. குழந்தையின் மூளையும் அப்படியே கற்கிறது. இன்னொருவர் காலை ஆட்டிவிடுவதைவிட, குழந்தை தானே முயன்று ஒரு பொம்மையை எட்டிப் பிடிப்பதும், அதையே நூறு முறை செய்வதும் அதிக பலன் தரும் என்பதே இன்றைய மருத்துவ அறிவு.

ஏன் காத்திருக்கக் கூடாது?

மூளை முடக்குவாதம் என்பதை எடுத்துக்கொள்வோம். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் போன்றவற்றால் வளரும் மூளை பாதிக்கப்படும்போது இது உண்டாகலாம். மூளையில் நேர்ந்த சேதம் நாளுக்கு நாள் கூடுவதில்லை. ஆனால் உடல் சும்மா இருப்பதில்லை. எலும்பு வளருகிறது; இறுகிய தசை அதற்கு ஈடாக வளருவதில்லை. முதலில் குதிகால் தரையில் படாது; பின்பு முழங்கால் நீளாது; கவனியாமல் விட்டால் இடுப்பு மூட்டே இடம் பெயரும். இரண்டு வயதில் பயிற்சியும் ஸ்பிளின்ட்டும் செய்யக்கூடிய உதவியை, பத்து வயதில் அறுவைச் சிகிச்சையிடம் கேட்க வேண்டியதாகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. மூன்று வயதுக்குள் மனித மூளை பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. பாதிக்கப்பட்ட பகுதியின் வேலையை வேறு பகுதி ஏற்றுக்கொள்ளும் திறனும் இவ்வருடங்களில் மிகுதி. பயன்படுத்தப் பயன்படுத்த அந்த வழி பாதையாகிறது, பயன்படுத்தாவிட்டால் அடைபடுகிறது. "பிள்ளைக்கு ஐந்து வயதாகட்டும், பார்க்கலாம்" என்று சொல்லுகிறவர்கள், விதைப்புக் காலம் முடிந்த பிறகு விதைக்கப் பார்க்கிறார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் 9 மாதத்துக்குள் பிடிமானமின்றி உட்காருகிறார்கள். 18 மாதத்துக்குள் தனியே நடக்கிறார்கள். ஆகவே கீழ்க்காணும் அடையாளங்களில் ஏதேனும் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டத் தாமதியாதிருங்கள்.

1. நான்கு மாதம் ஆகியும் தலை நிற்காமை. கைவிரல்களை எப்பொழுதும் இறுக மூடியிருத்தல்.
2. ஒன்பது மாதத்தில் உட்காராமை. ஒன்றரை வயதில் நடக்காமை.
3. ஒரு வயதுக்கு முன்னரே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல். "பிள்ளை இடது கைக்காரன்" என்று நாம் சிரித்து விட்டுவிடுகிறோம்; மற்றக் கை பலவீனமாய் இருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.
4. உடல் மரக்கட்டைபோல விறைத்தல், அல்லது துணிபோலத் துவளுதல்.
5. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை. முகம் பார்த்துச் சிரியாமை. ஒரு வயதிலும் மழலை பேசாமை.

ஜெபம் ஒருபக்கம், பயிற்சி மறுபக்கமா?

பிரியமானவர்களே, நாம் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிற ஜனங்கள். அதை இக்கட்டுரை ஒருபோதும் குறைத்துச் சொல்லாது. கர்த்தர் நேற்றைக்குச் சுகமாக்கினார், இன்றைக்கும் சுகமாக்குகிறார். ஆனால் நாம் வாசிக்கிற அதே வேதத்தில் எசேக்கியா ராஜாவின் சரித்திரமும் எழுதப்பட்டிருக்கிறது (2 இராஜாக்கள் 20). ராஜா கண்ணீரோடு ஜெபித்தான். கர்த்தர் கேட்டார், பதினைந்து வருஷம் ஆயுசைக் கூட்டிக் கொடுப்பதாக வாக்குப்பண்ணினார். வாக்குத்தத்தம் கிடைத்த பின்பு ஏசாயா தீர்க்கதரிசி என்ன செய்யச் சொன்னார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். அந்த அடை வாக்குத்தத்தத்துக்கு விரோதமாய் இருக்கவில்லை. வாக்குத்தத்தம் வந்த வழிகளில் அதுவும் ஒன்றாயிற்று.

இன்னும் ஆழமான ஒரு வார்த்தை ஓசியா 11-ஆம் அதிகாரம் 3-ஆம் வசனத்தில் உண்டு. கர்த்தர் தம்முடைய அன்பைத் தம் ஜனத்துக்கு விளக்கும்போது எந்தப் படத்தைத் தெரிந்துகொண்டார் என்று பாருங்கள். ஒரு தகப்பன் குழந்தையின் கைகளைப் பிடித்து நடக்கப் பழக்குகிற படத்தையே தெரிந்துகொண்டார். ஒரே நாளில் ஓடச்செய்ய வல்லவர், குனிந்து, கைகொடுத்து, அடியடியாய்ப் பழக்குகிறவராகத் தம்மைக் காட்டினார். நடக்கப் பழக்குவதைத் தேவன் தமக்கு ஏற்ற வேலையாக எண்ணியிருக்க, நாம் அதை விசுவாசக் குறைவு என்று சொல்லலாமா?

மருந்தே எடுப்பதில்லை என்று தங்கள் சரீரத்தைக் குறித்துத் தீர்மானம் செய்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பிரதிஷ்டை அவர்களுக்கும் கர்த்தருக்கும் இடையிலானது. ஆனால் பேசத் தெரியாத ஒரு குழந்தைக்காக நாம் எடுக்கும் தீர்மானம் வேறு. அதன் விலையை நாம் செலுத்துவதில்லை. அந்தக் குழந்தையே தன் இடுப்பிலும் முழங்காலிலும் வாழ்நாளெல்லாம் செலுத்துகிறது.

இன்னொன்றையும் தாழ்மையாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. "யார் செய்த பாவமோ" என்ற பேச்சு நம் சபைகளின் மூலையிலும் கேட்கப்படுகிறது. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் அப்படியே கேட்டார்கள். ஆண்டவரோ அவனும் அல்ல, அவன் பெற்றோரும் அல்ல என்று அந்தக் கேள்வியையே அடைத்துப்போட்டார் (யோவான் 9). ஆண்டவர் அடைத்த வாயை நாம் திறக்க வேண்டாம்.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் இருந்தார். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே அசைவற்றுப்போனார். அவருக்காக ஜெபித்தவர்கள் குறைவாய் இருந்திருக்க மாட்டார்கள். ஆயினும் அவர் மீண்டும் நடக்கவில்லை. டாக்டர் பால் பிராண்ட் அளித்த ஊக்கத்தினால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்பு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எழுந்து நடவாத அந்த ஒருவர் மூலமாக நடக்கக் கற்றவர்கள் அநேகர். அது சாட்சி அல்லவா?

ஆகையால் பெற்றோரே, பயிற்சியினால் எல்லாப் பிள்ளைகளும் மற்றவர்களைப்போல ஆகிவிடுவார்கள் என்று எவரும் உறுதி கூற முடியாது. மூளை முடக்குவாதத்தைப் பயிற்சி முற்றிலும் நீக்குவதில்லை. ஆனால் தானாக உட்காருகிற பிள்ளைக்கும் உட்காராத பிள்ளைக்கும், தானாக உண்ணுகிற பிள்ளைக்கும் ஊட்டப்பட வேண்டிய பிள்ளைக்கும் இடையே ஒரு வாழ்நாள் வித்தியாசம் இருக்கிறது. இதற்கு மாறாக, லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஊசியால் முற்றிலும் குணமாக்குவதாகச் சொல்லுகிறவர்களிடம் எச்சரிக்கையாய் இருங்கள். மூளை முடக்குவாதத்துக்கோ ஆட்டிசத்துக்கோ அதை ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சையாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் ஏற்கவில்லை.

வீட்டிலே செய்ய வேண்டியவை

பயிற்சி மையத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரமே கிடைக்கும். மீதி நேரமெல்லாம் பிள்ளை உங்களிடத்தில் இருக்கிறது. ஆகவே உண்மையான பயிற்சிக்கூடம் உங்கள் வீடுதான். தெரபிஸ்ட் உங்கள் பிள்ளைக்கென்று கற்றுக்கொடுக்கிறதையே செய்யுங்கள். அடுத்த பிள்ளைக்குச் சொன்னதை உங்கள் பிள்ளைக்குச் செய்யாதீர்கள். பொதுவாகச் சில காரியங்களைச் சொல்லலாம்.

படுக்க வைத்து ஊட்டாதீர்கள். முதுகுக்கு ஆதாரம் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னுக்குச் சாயாமல், சிறிது சிறிதாக ஊட்டுங்கள். மல்லாந்து படுத்த நிலையில் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். அடிக்கடி சளிக்காய்ச்சல் வருவதற்கு அதுவும் காரணமாகலாம்.

விழித்திருக்கும்போது நாளெல்லாம் மல்லாந்தே படுக்கவிடாதீர்கள். நீங்கள் அருகில் இருக்கையில் குப்புறப் படுக்கவைத்து, முன்னே ஒரு கிலுகிலுப்பையைக் காட்டுங்கள். சுவரின் மூலையில் முதுகைச் சாய்த்து உட்கார வைப்பதும் சிலருக்கு உதவும்.

எண்ணெய் தேய்ப்பது நல்லது. தாயின் தொடுதல் பிள்ளைக்கு இதமளிக்கும். ஆனால் விறைத்த கைகால்களைப் பலவந்தமாய் இழுப்பதும் முறுக்குவதும் ஆபத்து.

சக்கரம் வைத்த வாக்கர் வண்டியை வாங்காதீர்கள். அது நடக்கப் பழக்குவதில்லை, கவிழ்ந்து காயப்படுத்துகிறது. கனடா நாடு 2004-இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்தது.

தினசரி வேலையோடு பயிற்சியைச் சேர்த்துவிடுங்கள். சட்டை மாற்றும்போது கையை நீட்டச் சொல்லுவது ஒரு பயிற்சி. பட்டாணி உரிக்கும்போது இரண்டைப் பொறுக்கக் கொடுப்பது ஒரு பயிற்சி. குடும்ப ஜெபத்தில் கைதட்டிப் பாடும்போது அந்த மூடிய கையையும் சேர்த்துத் தட்டவைப்பது, பிள்ளைக்குப் பயிற்சியும் ஆகும், ஆராதனையும் ஆகும்.

அரசின் உதவிகளையும் கேட்டுப் பெறுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகையான குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. யு.டி.ஐ.டி. எனப்படும் தனி அடையாள அட்டை இருந்தால் பல உதவிகளுக்கு அதுவே வாசல். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை உதவுகிறது. தெரபிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு. ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள் சென்னை முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனத்தையும், தென்காசிப் பக்கத்தார் 1981 முதல் ஆய்க்குடியில் பணிசெய்துவரும் அமர் சேவா சங்கத்தையும் அணுகலாம்.

அந்த நான்கு பேர் எங்கே?

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்தார்கள் (மாற்கு 2). வாசல் அடைபட்டிருந்தது, அவர்கள் திரும்பிப் போகவில்லை, கூரையைப் பிரித்தார்கள். இயேசு பார்த்தது அந்த நால்வருடைய விசுவாசத்தையும் அல்லவா?

இன்றைக்கு நம் சபையில் அந்த நான்கு மூலைகளைப் பிடிக்க யார் உண்டு? தமிழ் மட்டுமே தெரிந்த தாய் தெலுங்கிலும் இந்தியிலும் தெரபிஸ்ட் சொல்லுகிறதைப் பாதியே புரிந்துகொண்டு வருகிறாள். தெலுங்கு தெரிந்த ஒரு சகோதரி கூடப் போகலாம். கூலி இழந்து தகப்பன் போகமுடியாத நாளில், ஆட்டோ வைத்திருக்கும் ஒரு சகோதரன் கொண்டுபோய் விடலாம். மூத்த பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது ஒரு அம்மா அவனுக்குச் சோறு போடலாம். வாலிபர்கள் விண்ணப்பங்களைப் பூர்த்திசெய்து கொடுக்கலாம். ஞாயிறு பள்ளி ஆசிரியை அந்தப் பிள்ளையையும் வட்டத்தில் உட்காரவைக்கலாம்.

போதகர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். ஜெபித்து முடித்தவுடன், "அம்மா, டாக்டரிடம் காட்டினீர்களா? பயிற்சிக்குப் போகிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரே வார்த்தை, பயத்தோடும் வெட்கத்தோடும் நிற்கிற தாயை விடுதலையாக்கும்.

யோனத்தானின் குமாரன் மேவிபோசேத் ஐந்து வயதில் தாதியின் கையிலிருந்து விழுந்து முடவனானான். தாவீது அவனைத் தேடி அழைத்து, ராஜபந்தியில் நித்தமும் இடம் கொடுத்தான். 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசித்துப் பாருங்கள். பந்தியில் அமர்ந்த பின்பும் அவன் இரண்டு காலும் முடமானவனாகவே இருந்தான் என்று அது முடிகிறது. கால் சுகமானால்தான் பந்தி என்று ராஜா சொல்லவில்லை.

அந்தப் பின்வரிசைத் தாய்க்கு நாம் அந்தப் பந்தியையும் கொடுப்போம்; திங்கட்கிழமை காலையில் மனோவிகாஸ் நகருக்குப் போகும் வழியையும் காட்டுவோம். என்றாவது ஒருநாள் அவள் முன்னே வந்து, "என் பிள்ளை இன்றைக்குத் தானாகவே கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனான்" என்று சாட்சி சொல்லும்போது, நடந்த பிள்ளைக்கு எவ்வளவு கைதட்டுவோமோ அவ்வளவும் கைதட்டி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லுவோம்.

கைகளைப் பிடித்து நடக்கப் பழக்குகிற தேவன் உங்கள் பிள்ளைகளையும், அவர்களைப் பழக்குகிற உங்கள் கரங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.